பேட்டியை வெளியிடும் முன் அவரிடம் காட்டலாமா?

மேலூர் நித்யா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு இணைய இதழுக்காக முதல்முறையாக நீளமான பேட்டி ஒன்று எடுக்கப்போகிறேன். பேட்டி தருகிறவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு தமிழ் நாளிதழின் மதுரைப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் எங்களுக்கு அவர் மேல் ஆர்வம் வந்தது வேறு காரணத்தால். 70களிலும் 80களிலும் சிற்றிதழ்களில் ஒரு புனைபெயரில் புத்தக விமர்சனம் எழுதியிருக்கிறார். சிலருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே இன்றும் கோபம் வருகிறது. அந்தப் பெயரும் இந்த மனிதரும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது.

நேரம் கேட்கப் போன அன்றே மூன்று கதை சொன்னார். நன்றாகத்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து அவருடைய பழைய பேட்டிகள் இரண்டைப் படித்தால், அதே மூன்று கதைகள், ஏறக்குறைய அதே வாக்கியங்களில். ஜெயகாந்தன் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டது, ஒரு நாவலாசிரியர் பேருந்து நிலையத்தில் சண்டைக்கு வந்தது, ஆசிரியர் அறையில் ராஜினாமா கடிதத்தை நீட்டியது. இதைத் தாண்டி அவரை எப்படிப் பேச வைப்பது?

இரண்டாவது, எழுத்தாக்கியதை வெளியிடும் முன் தனக்குக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். எங்கள் இதழின் ஆசிரியர், அப்படிக் காட்டினால் அது பேட்டி இல்லை, விளம்பரம் என்கிறார்.

மூன்றாவது, அவர் பேசுவது சுத்த மதுரைத் தமிழ். கேட்க அவ்வளவு ருசி. எங்கள் இதழிலோ எல்லாம் எழுத்துத் தமிழில்தான் வரும். அப்படியே போடுவதா, மாற்றுவதா?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ரவுண்ட்ஸ் ரிப்போர்ட்டர் எழுதியது:

உங்கள் ஆசிரியர் பக்கம்தான் நான். காட்டாதீர்கள்.

தினசரியில் இருபது வருடத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறேன். காட்டினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் நாள் உற்சாகமாகப் பேசிய மனுஷர், அச்சில் பார்த்ததும் பயந்துவிடுவார். "இந்த வரி வேண்டாமே", "இவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்", "என் மகன் அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறான்" என்று ஒவ்வொன்றாகப் போகும். கடைசியில் மிச்சம் இருப்பது பிறந்த தேதியும் வாங்கிய விருதுகளும்.

1972ல் இத்தாலியப் பத்திரிகையாளர் ஓரியானா ஃபல்லாசி, அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகராக இருந்த கிஸ்ஸிங்கரைப் பேட்டி எடுத்தபோது, அவர் தன்னைக் குதிரையில் தனியாக முன்னே போகும் கௌபாயோடு ஒப்பிட்டுக்கொண்டார். உலகமே சிரித்தது. பத்திரிகைக்காரர்களோடு தான் நடத்திய பேச்சுகளிலேயே பெரிய நாசம் அதுதான் என்று பிற்பாடு அவரே எழுதினார். அச்சுக்கு முன் பிரதியை அவரிடம் நீட்டியிருந்தால் அந்தக் குதிரை லாயத்தை விட்டே கிளம்பியிருக்காது.

வேண்டுமானால் தேதி, பெயர், ஊர் மட்டும் ஃபோனில் சரிபாருங்கள். ஒலிப்பதிவைப் பத்திரமாக வையுங்கள். போதும்.


கேசட்காரர் எழுதியது:

நித்யா, நான் பேட்டி எடுத்தவன் இல்லை, பேட்டியைக் கேட்டவன். பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுவேன். ராத்திரியில் சிற்றிதழ்க்காரர்கள் தபாலில் அனுப்பும் கேசட்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு எழுதிக் கொடுப்பேன். 90களில் ஆரம்பித்தது. கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய சுபமங்களாவில் மாதாமாதம் பெரிய பெரிய பேட்டிகள் வரும். அதைப் பார்த்து மற்ற பத்திரிகைகளுக்கும் பேட்டி ஆசை தொற்றிக்கொண்ட காலம். எனக்கு வேலை கிடைத்தது அதனால்தான். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நாலைந்து மணி நேரம் பிடிக்கும், வட்டார வழக்கு என்றால் இன்னும் கூட. கூலி சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. ஆனால் எந்தக் கேள்வி வாயைத் திறக்கும், எது மூடும் என்று ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் காட்டுவதா வேண்டாமா என்பது. ரிப்போர்ட்டர் தம்பி சொல்வது மந்திரிக்கும் அதிகாரிக்கும் நூற்றுக்கு நூறு சரி. அங்கே பேட்டி என்பது சாட்சி. சொன்னதைச் சொல்லவில்லை என்று நாளைக்கு மாற்றிப் பேச ஆயிரம் காரணம் இருக்கும். எண்பது வயது விமர்சகர் எதை மறைத்து எந்தத் தேர்தலில் ஜெயிக்கப்போகிறார்? அவரோடு நீங்கள் நடத்துவது விசாரணை இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு எழுத்தை உருவாக்குகிறீர்கள்.

பாரிஸ் ரிவ்யூ என்ற இலக்கியப் பத்திரிகை 1953ல் முதல் இதழிலேயே ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டரின் பேட்டியோடு தொடங்கியது. எழுத்தாளர் பேட்டி என்றால் இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். அங்கே வழக்கமே, பிரதியை எழுத்தாளரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வதுதான். ஆரம்பத்தில் பல பேட்டிகளுக்கு டேப் ரெக்கார்டர்கூடக் கிடையாது. இரண்டு பேர் போய் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கம் கையால் எழுதி, பிறகு ஒப்பிட்டுச் சேர்ப்பார்கள். அதில் வந்தவை விளம்பரம் மாதிரியா இருக்கின்றன?

ஆனால் காட்டும் முன் ஒப்பந்தம் பேசிக்கொள்ளுங்கள். பேட்டிக்கு உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "ஐயா, தகவல் தப்பு இருந்தால் திருத்துங்கள், விட்டுப்போனதைச் சேருங்கள், எதையாவது எடுக்க வேண்டும் என்றால் என்னிடம் காரணம் சொல்லுங்கள்." சேர்ப்பதற்கு முழுச் சுதந்திரம், நீக்குவதற்குப் பேச்சுவார்த்தை. நான் பார்த்தவரை இந்த ஏற்பாட்டுக்கு மறுப்புச் சொன்னவர்கள் குறைவு.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வியையும் சேர்த்து ஒரு உதாரணம் காட்டுகிறேன். உங்கள் ஆளைப் போலவே டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்தித் தலைப்புப் போடும் பிரிவில், இருந்த ஒருவரின் கேசட்டை எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம். 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி சுடப்பட்ட நாளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். டெலிபிரிண்டர் என்பது வெளியூர்ச் செய்தியைத் தானே அடித்துத் தரும் இயந்திரம், ஃபிளாஷ் என்றால் அவசரச் செய்தி, ஃபோர்மேன் அச்சுக்கோப்பவர்களுக்குத் தலைவர். நாடாவில் இருந்தது இது:

"அன்னைக்கு எனக்குப் பகல் ஷிப்டு. காலம்பற, டெலிபிரிண்டர்ல மணி அடிக்குது. அப்பிடி அடிச்சா ஃபிளாஷ்னு அர்த்தம். ஓடிப்போயிப் பாத்தா சுட்டுட்டாங்கன்னு இருக்கு. செத்தாங்களான்னு இல்ல. மத்தியானம் ஆச்சு, இன்னும் இல்ல. ரேடியோவுலயும் சொல்லல. நா ரெண்டு தலைப்பு எழுதிக் குடுத்துட்டேன். ஒண்ணு 'சுடப்பட்டார்', இன்னொண்ணு 'சுட்டுக் கொலை'. ரெண்டையும் கோத்து மேசைல வச்சாச்சு. ஃபோர்மேன் சும்மா சும்மா வருவாரு. 'சார், அம்மா இருக்காங்களா இல்லையா, எதப் பக்கத்துல வைக்க, சொல்லுங்க'ம்பாரு. நா என்னத்தச் சொல்ல?"

அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

நான் எழுதிக் கொடுத்ததை அந்தப் பத்திரிகையில் ஒருவர் செம்மைப்படுத்தினார். எப்படி என்று பாருங்கள்: "1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் சுடப்பட்ட செய்தி கிடைத்ததும் அலுவலகமே பரபரப்பில் ஆழ்ந்தது. மரணம் உறுதி செய்யப்படாத நிலையில் இரு தலைப்புகளை ஆயத்தமாக வைத்திருந்தோம். என் பத்திரிகை வாழ்வில் மறக்க முடியாத நாள் அது."

மறக்க முடியாத நாள் என்று மனுஷர் சொல்லவே இல்லை. நாடாவை எத்தனை முறை ஓட்டினாலும் அது வராது. ஃபோர்மேனைக் காணோம், டெலிபிரிண்டர் மணியைக் காணோம். இலக்கணம் மட்டும் ஜோராக இருக்கிறது.

நான் சண்டை போட்டு மாற்றச் சொன்னது இவ்வளவுதான். அவர் விவரிப்பதை எழுத்துத் தமிழில் வையுங்கள், அவர் கதைக்குள் யாராவது பேசினால் அதைப் பேசியபடியே வையுங்கள். "காலையில் டெலிபிரிண்டரில் மணி அடித்தது. அப்படி அடித்தால் ஃபிளாஷ் என்று அர்த்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், சுட்டுவிட்டார்கள் என்று இருக்கிறது. இறந்தார்களா என்று இல்லை" என்று போகட்டும். ஃபோர்மேன் வரும்போது, 'சார், அம்மா இருக்காங்களா இல்லையா, எதப் பக்கத்துல வைக்க' என்று அவர் வாயாலேயே வரட்டும். வாக்கியத்தின் நீளத்தையும் வரிசையையும் தொடாதீர்கள். ஒருவருடைய குரல் அதில்தான் இருக்கிறது. விகுதியை மாற்றினால் குரல் போய்விடாது, இரண்டு வாக்கியத்தை ஒட்டவைத்தால் போய்விடும்.

கி. ராஜநாராயணன் மாதிரி வழக்குத் தமிழிலேயே எழுதியவர் என்றால் கதை வேறு. கரிசல் காட்டுச் சொற்களுக்கு அகராதியே போட்டவரின் பேச்சை மேடைத் தமிழாக்குவது அநியாயம். உங்கள் ஆள் எழுதியதெல்லாம் எழுத்துத் தமிழில்தானே? அப்படியானால் அவரும் தன் பேச்சை அச்சில் அப்படியே பார்க்க விரும்பமாட்டார். கூச்சப்படுவார்.

அந்த இந்திரா காந்திப் பகுதியை அவரிடம் காட்டினோம். ஃபோர்மேனின் பெயரை மட்டும் அடித்தார், அவர் குடும்பம் வருத்தப்படும் என்று. நியாயம்தானே? ஓரத்தில் பென்சிலால் இப்படிச் சேர்த்திருந்தார்: "பிபிசி சொல்லிவிட்டது என்று மத்தியானமே ஒரு நண்பர் ஃபோன் செய்தார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது தலைப்பை எழுதினேன். ஆசிரியரிடம் அதைச் சொல்லவில்லை." அகில இந்திய வானொலி சாயங்காலம்தான் சொன்னது. அதுவரை ஒரு உதவி ஆசிரியர் தெரிந்தும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார் என்பது எங்களுக்கு அந்தப் பென்சில் வரியில்தான் கிடைத்தது. மைக்கின் முன்னால் வரவில்லை. தம்பி, காட்டியதால் வந்த லாபம் இது.

சரி, மூன்று கதைக்கு வருவோம். அவற்றைத் தடுக்காதீர்கள். வயதானவர்கள் அதைச் சொல்லித்தான் தொண்டையைச் சரிசெய்துகொள்வார்கள். சொல்லி முடிக்கட்டும், நீங்கள் கதைக்குள் இருக்கும் ஒரு பொருளைப் பிடித்து இரண்டாவது கேள்வி கேளுங்கள். ராஜினாமா கடிதத்தை நீட்டினாரா? யார் எழுதியது, எந்தத் தாளில், அன்றைக்குச் சம்பளம் எவ்வளவு, வீட்டில் சொல்லிவிட்டா வந்தார்? இதெல்லாம் அவர் இதுவரை யாருக்கும் சொல்லாதது, ஏனென்றால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாரிஸ் ரிவ்யூ ஆசிரியர் ஜார்ஜ் பிளிம்ப்டன், அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயை எடுத்த பேட்டி 1958ல் வந்தது. ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 தடவை திருத்தி எழுதினேன் என்கிறார் ஹெமிங்வே. நம் ஊர்ப் பேட்டி என்றால் உடனே "ஆஹா, என்ன உழைப்பு, அடுத்த கேள்வி" என்று போய்விடுவோம். பிளிம்ப்டன் போகவில்லை. அங்கே என்ன சிக்கல், எது உங்களை நிறுத்தியது என்று கேட்கிறார். சொற்கள் சரியாக அமைவதுதான் என்று சின்னதாகப் பதில் வருகிறது. எல்லோரும் 39ஐ மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. அதே பேட்டியில், சலித்துப்போன பழைய கேள்வி கேட்டால் சலித்துப்போன பழைய பதில்தான் வரும் என்று ஹெமிங்வே எரிந்தும் விழுகிறார்.

இன்னொன்று, வேலையைக் கேளுங்கள். "இலக்கியத்துக்கு எப்படி வந்தீர்கள்" என்று ஆரம்பித்தால் பாட்டி சொன்ன கதையும் ஊர் நூலகமும்தான் வரும். பிழைப்பைக் கேட்டால்தான் ஆள் வெளியே வருவார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் செய்தித்தாள்களைக் கத்தரித்து ஃபைலில் ஒட்டிக்கொண்டிருந்தவர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வேலையும் இல்லாத மனுஷர் மாதிரி இருக்கும். அந்த மேசையிலிருந்து பார்த்ததுதான் பிற்பாடு எத்தனை பக்கங்களாக வந்தது! தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரம் பார்த்தார், தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார், சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. கடையில் கூட்டம் இல்லாத நேரம் எது, வத்தல் விலை விழுந்த வருஷம் எழுத முடிந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் நமக்கு வேறு மாதிரிப் பேட்டிகள் கிடைத்திருக்கும்.

உங்கள் ஆளிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது. செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஏஜென்சிச் செய்தி இங்கிலீஷில் வரும், ராத்திரியோடு ராத்திரியாகத் தமிழாக்க வேண்டும். ஒரு ஷிப்டில் எவ்வளவு மொழிபெயர்ப்பார்? அகராதி மேசையில் இருந்ததா, மூத்தவர் ஒருவர்தான் அகராதியா? வெளியூர்ப் பதிப்புக்கு எத்தனை மணிக்குப் பக்கம் முடிக்க வேண்டும்? ஊர் நிருபர்களுக்கு வரிக் கணக்கில் காசு கொடுத்த காலத்தில் அவர்கள் எழுதியதை வெட்டுகிறவர் இவர்தான். ஒருவருடைய வரும்படியைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புனைபெயரில் நாவலாசிரியர்களை வெட்டியிருக்கிறார். அந்த இரண்டு கையும் ஒரே கைதானா என்று கேளுங்கள். நான் அந்தப் பதிலைக் கேட்க ஆசைப்படுகிறேன்.

விமர்சனம் பற்றிப் பொதுவாகக் கேட்காதீர்கள். "இன்றைய விமர்சனச் சூழல் எப்படி இருக்கிறது" என்றால் பெருமூச்சு விடுவார், அதை எழுத்தாக்க முடியாது. அவருடைய பழைய விமர்சனத்தில் காரசாரமானது ஒன்றின் நகலோடு போங்கள். மேலூரிலிருந்து புதுக்கோட்டை ஒன்றும் தூரமில்லை, ஞானாலயா நூலகத்தில் விசாரியுங்கள். சென்னை போக முடிந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு பத்தியை அவர் முன்னால் சத்தமாகப் படியுங்கள். படித்துவிட்டு ஒன்றும் கேட்காதீர்கள். "அது நானா எழுதினேன்?" என்று சிரிப்பார், அல்லது "இப்பவும் அதேதான் சொல்வேன்" என்பார். இரண்டில் எது வந்தாலும் பேட்டி அங்கேதான் தொடங்கும்.

கடைசியாகக் காதுக்காரனின் புலம்பல் கொஞ்சம். ஃபோனில் பதிவு செய்தால் விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். இன்னொரு கருவியும் ஓடட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். குக்கர் விசில் அடித்தால் கேள்வியை நிறுத்தி மறுபடி கேளுங்கள். அவர் பேசும்போது "ஆமா ஆமா", "ஓ அப்படியா" என்று நடுவில் விழாதீர்கள், தலையை ஆட்டினால் போதும். நான் எத்தனை நல்ல வாக்கியங்களை ஒரு "ஓ அப்படியா"வுக்குக் கீழே தொலைத்திருக்கிறேன் தெரியுமா. ஆள் பெயர், பத்திரிகைப் பெயர் வந்தால் தாளில் குறித்துக்கொண்டு போகும் முன் அவரையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். இப்போது கம்ப்யூட்டரே கேட்டு எழுதிவிடுகிறது என்கிறார்கள். எழுதட்டும். ஆனால் மதுரைக்காரர் பேச்சில் அது எதை எப்படிக் கேட்டுத் தொலைக்கும் என்று சொல்ல முடியாது. ஒருமுறையாவது முழுக்க நீங்களே காதால் கேட்டு ஒத்துப்பாருங்கள்.


ரவுண்ட்ஸ் ரிப்போர்ட்டர் எழுதியது:

அண்ணாச்சி, பென்சில் வரிக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் ஒரு சந்தேகம். உங்கள் ஆள் சேர்த்தார், எங்கள் ஆட்கள் அடிப்பார்கள். நித்யாவின் ஆள் எந்த ரகம் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? ஒப்பந்தத்தை வாயால் பேசாமல் ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

டேப் ரெக்கார்டர் வைத்தாலே நான் உஷாராகிவிடுகிறேன், குறிப்பெடுக்காமல் நீண்ட நேரம் பேசிவிட்டு நினைவிலிருந்து எழுதுவதே நல்லது என்று கொலம்பிய நாவலாசிரியர் கார்சியா மார்க்வெஸ் பாரிஸ் ரிவ்யூவிடமே சொல்லியிருக்கிறார். அவரும் பத்திரிகைக்காரர்தான். ஆனால் அவர் சொன்னார் என்று யாரும் அதைச் செய்து பார்க்காதீர்கள். நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால் நினைவாற்றலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியாது.


துளசி, ஸ்ரீரங்கம் எழுதியது:

நல்ல யோசனைகள். ஒன்று விட்டுப்போயிற்று.

எழுதுகிற பெண்களைப் பேட்டி எடுக்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பது, வீட்டு வேலைக்கு நடுவில் எப்படி எழுத நேரம் கிடைக்கிறது என்று. ஆண்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. நித்யா, நீங்கள் அவரிடம் கேளுங்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து விடியற்காலை வந்து தூங்கி எழுந்து விமர்சனம் எழுதியவருக்கு யார் வீட்டை நடத்தினார்கள்? பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டது யார்? விமர்சனத்தைத் தபால் பெட்டியில் போட்டது யார்? நக்கலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகக் கேளுங்கள். அவர் மனைவி இருந்தால் அவரிடமும் தனியாகப் பேசுங்கள்.

எழுத்தாளர் அம்பை, தமிழ்ப் பெண் எழுத்தாளர்களை நேரில் போய்ச் சந்தித்து ஆராய்ச்சி செய்தவர். 1988ல் மும்பையில் ஸ்பாரோ என்ற ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெண்களின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வைக்கும் இடம் அது. ஒரு கூட்டத்தில் அவர் பேசக் கேட்ட பிறகு, சமையலறையைப் பற்றிய கேள்வி தவறு என்று நான் நினைப்பதில்லை. ஒரு தரப்பாரிடம் மட்டும் கேட்பதுதான் எனக்கு எரிச்சல்.


ஸ்கார்பரோ சிவா எழுதியது:

நான் செய்தது எழுத்தாளர் பேட்டி இல்லை, எங்கடை ஊர்ப் பத்திரிகையில் இருந்த ஒரு பெரியவரோடு தொலைபேசியில் கதைத்தது. 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. அந்த இரவைப் பற்றிக் கேட்டால் "அதெல்லாம் எல்லாரும் எழுதிப்போட்டினம்" என்று முடித்துவிடுவார். பிறகு ஒருநாள், எரிய முதல் அந்தக் கட்டடத்துக்குள் எது எங்கே இருந்தது என்று கேட்டன். வாசல், அச்சு இயந்திரம், தாள் அடுக்கி வைத்த இடம், தேத்தண்ணி கொண்டுவாற பெடியன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கனநேரம். அந்த இரவு அதற்குள்ளே தானாக வந்தது. அண்ணை சொன்ன 'வேலையைக் கேளுங்கள்' என்பது சரி என்று சொல்லத்தான் இதை எழுதினன்.

நித்யா, ஏலுமென்றால் அ. முத்துலிங்கத்தின் 'வியத்தலும் இலமே' எடுத்து வாசியுங்கோ. வெளிநாட்டு எழுத்தாளர்களைச் சந்தித்து எழுதியவை. ஒரு வாசகர் எழுத்தாளரைத் தேடிப்போனால் எப்படிக் கேட்பார் என்று அதில் தெரியும்.


மேலூர் நித்யா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல் அமர்வு முடிந்தது. ஆசிரியரிடம் கேசட்காரர் சாரின் பதிலையே காட்டினேன். "சேர்க்கச் சுதந்திரம், நீக்கப் பேச்சுவார்த்தை" என்பதை மட்டும் மின்னஞ்சலில் எழுதி வாங்கச் சொல்லி ஒத்துக்கொண்டார். ஐயாவிடம் மின்னஞ்சல் இல்லை, பேத்தியின் முகவரியிலிருந்து "சம்மதம்" என்று ஒற்றை வார்த்தை வந்தது.

புதுக்கோட்டையில் 1978ஆம் வருட விமர்சனம் ஒன்று கிடைத்தது. படித்துக் காட்டினேன். சிரிக்கவும் இல்லை, இப்பவும் அதேதான் என்று சொல்லவும் இல்லை. "ரெண்டாவது பாராவுல ஒரு கமா தப்பா இருக்கு பாருங்க" என்றார்! பிறகு அந்தப் பத்திரிகையில் யார் புரூஃப் பார்த்தார்கள், ஏன் அவர்களோடு சண்டை வந்தது என்று முக்கால் மணி நேரம். எனக்குப் புதையல்.

துளசி அக்கா, அவர் மனைவி பக்கத்து அறையில் இருந்தபடியே பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். விமர்சனங்களை நகல் எடுத்து எழுதியதே அவர்தானாம். அடுத்த அமர்வு அவரோடு.

ஒரு சிக்கல். நடுவில் "ரெக்கார்டரை நிறுத்தும்மா" என்று சொல்லி ஒரு பெரிய எழுத்தாளரைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். அந்த எழுத்தாளர் இப்போது இல்லை. பேட்டியிலேயே அதுதான் சிறந்த பகுதி. என்ன செய்வது?


ரவுண்ட்ஸ் ரிப்போர்ட்டர் எழுதியது:

நிறுத்தச் சொன்னால் நிறுத்தியதுதான். எழுதாதீர்கள். இதில் எங்கள் தொழிலிலும் இரண்டாவது கருத்து கிடையாது. வேறு யாராவது அதே விஷயத்தைப் பதிவோடு சொன்னால் அப்போது பார்க்கலாம்.


கேசட்காரர் எழுதியது:

தம்பி சொன்னதுதான். கூடவே ஒன்று. பிரதியைக் காட்டும்போது அந்த இடத்தில் எதுவும் எழுதாமல் இரண்டு வரி அளவுக்கு இடம் விட்டு அச்சடித்துக் கொடுங்கள். கேட்காதீர்கள், நினைவூட்டாதீர்கள். டெஸ்க்கில் இருந்தவர், அது எந்த இடம் என்று அவருக்கே தெரியும். நிரப்பினால் அவர் கையெழுத்தில் இருக்கும். நிரப்பாவிட்டால் இடைவெளியை மூடிவிட்டு வெளியிடுங்கள்.

மனைவியின் அமர்வுக்கு இன்னொரு மைக் எடுத்துக்கொண்டு போங்கள். இந்தத் தடவை ஐயா பக்கத்து அறையிலிருந்து பதில் சொல்வார்.